கட்டின பெண்டாட்டி அனுப்பிய நோட்டீஸ்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர்கள் யாரும் அவள் காதுபட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பாட்டுக் கம்பெனி ஒன்றில் திருட்டுத் தடுப்புப் பிரிவின் தலைவி அவள். புதுப் பாட்டு வெளிவந்த அன்றைக்கே அதை இலவசமாக ஏற்றிவிட்டு, வாருங்கள், அள்ளிக்கொண்டு போங்கள் என்று கடைவிரிக்கும் இணையதளங்களைத் தேடிப் பிடித்து மூடவைப்பதுதான் வேலை. இவள் இந்தப் பக்கம் ஒன்றை மூடினால் அவர்கள் அந்தப் பக்கம் வேறு பெயரில் ஒன்றைத் திறப்பார்கள். போதாததற்கு முகப்பிலேயே 'உங்கள் பேராதரவுக்கு நன்றி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவைப்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் கழுகுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருத்தியாக எத்தனை பேரைத் துரத்த முடியும்? கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டது. பெயர் வைப்பதில் அந்த அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கு மோப்பநாய் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியின் பாட்டுகளை அதற்கு ஒருமுறை கேட்கக் கொடுத்துவிட்டால் போதும். இணையத்தில் யார் எதை ஏற்றினாலும் முகர்ந்து பார்க்கும், சில நொடிகள் ஒத்துப்போனால்கூடக் குரைக்கும். குரைத்த கையோடு நோட்டீஸ் ஒன்று தானாகவே கிளம்பிப் போகும். அடியில் கழுகின் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் அச்சாகியிருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று நோட்டீஸ் போய்விட்டால் அந்த ஆளின் சேனலையே அடியோடு எடுத்துவிடுவார்கள். தன் பெயரில் யார் யாருக்கெல்லாம் நோட்டீஸ் போகிறது என்று பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். பார்த்திருக்கலாம்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் அவள் கணவர் மடியில் பாதி தைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரர். முன்னறைதான் கடை, கடைதான் வகுப்பறை. மெஷினுக்கு எதிரில் ஒரு கம்பியில் செல்போனைக் கட்டித் தொங்கவிட்டு, தைப்பது எப்படி என்று பாடம் நடத்தி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். தனியாவா வந்தீங்க? வக்கீல், போலீஸ் யாரும் வரலையா?"

"என்ன உளர்றீங்க? மண்டையைப் பிளக்குது எனக்கு."

"கட்டின பெண்டாட்டியே வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் விட்டா, அவன் உளறாம என்ன பண்ணுவான்?"

மாடி வீட்டிலிருந்து அதற்குள் இறங்கி வந்துவிட்டாள் நாத்தனார். அண்ணன் வீட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும், அவளுக்கு மாடியில் இருப்புக்கொள்ளாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புதுப் பாட்டுகளை எங்கிருந்தோ இறக்கி, சக டீச்சர்கள் எல்லாருக்கும் ஒரு நொடியில் அனுப்பிவைக்கும் புண்ணியவதியும் அவளே. திருட்டுத் தடுப்புப் பிரிவின் தலைவி வீட்டு மாடியிலேயே இப்படி ஒரு கிளை அலுவலகம் நடப்பது தலைவிக்குத் தெரியும். நாத்தனார் விஷயம் ஆயிற்றே, அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அண்ணி, இதைப் படிங்க. கையெழுத்து யாருதுன்னும் பாருங்க," என்று போனை நீட்டினாள்.

'தாங்கள் வெளியிட்டுள்ள காலர் வைப்பது எப்படி என்னும் காணொளியில் எங்கள் நிறுவனத்தின் பாடலைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியுள்ளீர்கள்...' அவள் வாசகம்தான். ஒரு வார்த்தைக்கு நாலு தரம் யோசித்து, படிக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும் என்று அவள் உட்கார்ந்து எழுதிய வாசகம். இப்போது அவளுக்கே கலக்கியது.

"காலர்ல பாட்டு எங்கேம்மா வந்தது?" என்றார் கணவர். "ஜிப்புக்கு ஒண்ணு வந்தது, ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன். பாக்கெட்டுக்கு ஒண்ணு. மத்தியானம் காலருக்கு. மூணாயிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேனலைத் தூக்கிடுவாங்களாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த ஊசியில் நூல் கோக்க முடியவில்லை அவருக்கு. இரண்டு தரம் தவறியது. இருட்டில்கூடக் கோத்துவிடுகிற மனிதர்.

அந்த சேனல் அவருக்கு எப்பேர்ப்பட்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? காலையில் கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல், மாணவர்கள் எழுதியதைத்தான் படிப்பார். காலொடிந்து படுத்திருந்த காலத்தில் பாடம் பார்த்துக் கற்றுக்கொண்டு, இப்போது தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறாளாம் ஒருத்தி. லாரி ஓட்டியவர் ஒருவர் ஓட்டுவதை விட்டுவிட்டுத் தையல் கடை போட்டுவிட்டாராம். 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையில் வாயெல்லாம் பல்லாகிவிடும்.

"இதுக்குப் போயா? நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன அண்ணி?"

"சொந்தக்காரங்களுக்குப் போன நோட்டீஸை நாங்க வாபஸ் வாங்க முடியாது. மேலாளர்தான் வாங்கணும். அதுவும் தக்க ஆதாரத்தோட."

"இப்படி ஒரு கிறுக்கு விதியை எந்தப் புண்ணியவான் எழுதினான்?"

கழுகு செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். நேராக இருந்ததை இன்னும் நேராக்கினாள்.

"நான்தான்," என்றாள்.

மறுநாள் மேலாளர் அறையில் அவள் நின்றபோது, அவர் பாவம், வேறு கவலையில் இருந்தார். பாட்டுகளைப் பங்குபோட்டுக் கொடுக்கும் பெரிய இணையதளம் ஒன்றின் மேல் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. திங்கட்கிழமை விசாரணை.

"இந்த நேரத்துல நம்ம மென்பொருள் தப்பு பண்ணிடுச்சுன்னு நாமளே எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்? எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவார். உங்க வீட்டுக்காரர் பாட்டு எதுவும் போடலன்னா மோப்பநாய் எதுக்குக் குரைக்கணும்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும் சார்."

"கண்டுபிடிங்க. ஆதாரம் கொடுங்க. நீங்க எழுதின விதிதானே."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, காதில் ஹெட்போனை மாட்டி, மோப்பநாய் எந்தப் பாட்டுக்குக் குரைத்தது என்று பார்த்தாள். அந்த மாதம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு; திங்கட்கிழமை வழக்கே அதற்காகத்தான். அது தையல் மெஷின் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கும். வெளிநாட்டிலிருந்து பழங்கால மெஷின் ஒன்றை வரவழைத்து, மூடிய அறையில் ராப்பகலாகப் பதிவு செய்ததாக இசையமைப்பாளர் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டைக் கம்பெனியில் அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். ஆனால் பத்துப் பேர் பேசும் இரைச்சலில் கேட்டது வேறு, ஹெட்போனில் கேட்பது வேறு.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டகடகவென்று ஓடியது மெஷின். ஏழு தையல் போனதும் நடுவில் ஒரு 'டிக்'. மறுபடி ஏழு தையல். மறுபடி 'டிக்'. கேட்கக் கேட்க அவளுக்கு வேலை மறந்தது, மேலாளர் மறந்தார், வழக்கு மறந்தது. மனசுக்கு இதமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல இருந்தது.

"ஏங்க! சாப்பிட வாங்க, ஆறுது!"

கத்தியது தான்தான் என்று அவளுக்குத் தெரியவே ஒரு நிமிடம் ஆனது. கண்ணைத் திறந்தால் அலுவலகம் முழுக்கத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் அவசரமாகத் தன் டிபன் பாக்ஸைத் தேடினார்.

அது அவள் வீட்டு மெஷின்! சத்தியமாக அவள் வீட்டு மெஷின்தான். கால்மிதி மெஷினின் தோல் பெல்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு கம்பி உண்டு. அது சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டிக்' என்னும். கல்யாணமான நாள் முதல் அந்த 'டிக்'குக்கு நடுவில்தான் அவள் சமைத்தாள், சண்டை போட்டாள், தூங்கினாள். மோப்பநாய் தப்பே பண்ணவில்லை. இரண்டும் ஒரே சத்தம். திருடன் யார், சொத்துக்காரர் யார் என்பதுதான் தலைகீழ்.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மேலாளரை வீட்டுக்கே அழைத்து வந்து மெஷினை ஓட்டிக் காட்டினால் முடிந்தது கதை.

கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையெல்லாம் எண்ணெய். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சரி பண்ணிட்டேன்ம்மா! ராத்திரி பூரா யோசிச்சேன். நம்ம மெஷின் போடற சத்தம்தானே உன் நாய்க்கு ஏதோ பாட்டு மாதிரி கேக்குது? சத்தத்தையே எடுத்துட்டா? புது பெல்ட் மாட்டிட்டேன். இனிமே உனக்கும் ஆபீஸ்ல தொந்தரவு இல்ல. வந்து கேளு, வெண்ணெய்."

உட்கார்ந்து மிதித்தார். மெஷின் வெண்ணெயாகத்தான் ஓடியது. ஒரு 'டிக்' இல்லை, ஒரு முனகல் இல்லை. எத்தனை வருடமாக அவள் மாற்றச் சொல்லி மன்றாடிய பெல்ட்! கழுகின் முகத்தில் ஈயாடவில்லை.

"பழைய பெல்ட் எங்கே?"

"காலைலயே குப்பை வண்டியில போட்டுட்டேன். ஏன்?"

விஷயத்தைச் சொன்னாள். ஏற்கெனவே ஏற்றிய பாடங்களில் அந்த 'டிக்' இருந்தும் பயனில்லை, அதைத்தானே திருட்டுப் பாட்டு என்று நோட்டீஸ் சொல்கிறது. சொல்லச் சொல்ல அவர் எண்ணெய்க் கையாலேயே தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் மூன்று பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். புது பெல்ட்டில் கம்பியைச் சுற்றிப் பார்த்தார் கணவர். 'டக்' என்றதே ஒழிய 'டிக்' என்று சொல்லவில்லை. பள்ளியிலிருந்து வந்த நாத்தனார் ஏழு தையல் எண்ணி ஏழாவதுக்குச் சரியாகக் கரண்டியால் மெஷின் காலில் தட்டினாள். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணிக்கை பிசகவில்லை. ஆனால் கரண்டி கரண்டியாகத்தான் ஒலித்தது. அத்தனை காலம் சரியாக ஓடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மெஷின், இப்போது கெட்டுப்போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"விடும்மா," என்றார் கணவர் கடைசியில். "சேனல் போனா போகட்டும். உன் வேலைக்கு ஒண்ணும் வராம இருந்தா சரி."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் சொத்துப் போகும்போதும் அவளுடைய நாற்காலியைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதருக்கா நோட்டீஸ் அனுப்பினோம்!

நாத்தனாருக்குத்தான் ஆறவில்லை. "அது சரி, அந்தப் பாட்டு உங்களோடதுன்னு திங்கக்கிழமை கோர்ட்டுல நீங்க எப்படி நிரூபிப்பீங்க? அவங்க மட்டும் சும்மா சொன்னா நம்பிடுவாங்களா?"

"மூலப்பதிவைக் கொடுப்போம். வெட்டாம ஒட்டாம, முதமுதல்ல பதிஞ்சது. எல்லாப் பாட்டுக்கும் என் பீரோவுலதான் இருக்கு."

"அதை யாரு கேப்பா?"

"யாரும் கேக்கமாட்டாங்க. எண்ணிப் பார்த்து, சீல் வச்சு..."

கழுகு மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை இசையமைப்பாளரே அலுவலகத்துக்கு வந்தார், வழக்குக்கான தாள்களில் கையெழுத்துப் போட. மேலாளர் அறையில் அவருக்குத் தனி நாற்காலி, தனி உபசாரம். கழுகு பீரோவிலிருந்து எடுத்த சின்னப் பெட்டியோடு உள்ளே போனாள்.

"சார், திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போற மூலப்பதிவு. சரியா இருக்கான்னு ஒருதரம் எல்லாரும் கேட்டுடலாம்."

"தாராளமா," என்றார் இசையமைப்பாளர். எதைப் பதிந்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. கழுகு பதிவை ஓடவிட்டாள்.

முதலில் மெஷின் சத்தம்தான். ஏழு தையல், 'டிக்'. பிறகு மெஷின் நின்றது. ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க சார், அளவு தப்பாயிடும்."

"இழுக்கலையே. என் இடுப்பே இவ்வளவுதான்."

"நாற்பத்திரண்டு."

"முப்பத்தெட்டுன்னு எழுதுங்க."

"எழுதறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். பேன்ட் ஒத்துக்கணுமே."

மேலாளர் இருமினார். இசையமைப்பாளரின் காது சிவந்தது. யாரும் நிறுத்தச் சொல்வதற்குள் பதிவு மேலே ஓடியது.

"உங்க மெஷின் பிரமாதமா தாளம் போடுதே. நான் கொஞ்சம் பாட்டு கீட்டு போடுவேன். இந்தச் சத்தத்தைப் பதிஞ்சுக்கிட்டுதான் இருக்கேன், உபயோகப்படுத்திக்கலாமா?"

"எடுத்துக்குங்க சார்! சத்தம்தானே, தேய்ஞ்சா போயிடும்? என் வீட்டம்மாவும் பாட்டுக் கம்பெனிதான். திருட்டுப் பாட்டு பிடிக்கிற வேலை. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாப்பா. அவ மட்டும் இல்லேன்னா உங்கள மாதிரி பாட்டு போடறவங்க கதி என்ன ஆகும்? அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி சார். எனக்கு அவளை நினைச்சா அவ்வளவு பெருமை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் தலைகால் புரியாது."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. டகடக, டகடக, 'டிக்'.

கழுகு சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்காவிட்டால் அங்கேயே அழுதுவிடுவாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு தொப்பைக்காரரிடம் இடுப்பளவு எடுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

மேலாளருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "பாருங்க! எடுத்துக்கோன்னு அவரே சொல்லிட்டார். அப்ப சத்தம் நம்மளோடதுதான்."

"எடுத்துக்கோன்னுதான் சார் சொன்னார். எடுத்துட்டுப் போய் என் மேலயே நோட்டீஸ் விடுன்னு சொல்லலையே. கேட்டதும் தூக்கிக் கொடுத்த மனுஷன், இப்ப சொந்த மெஷின்ல தைக்கிறதே திருட்டாயிடுச்சு. அவர் கொடுத்ததை நாம வச்சுக்கலாம். அவர்கிட்ட இருக்கிறதைப் பிடுங்கலாமா?"

இசையமைப்பாளர் அவளைப் பார்த்த பார்வையில் வேறு ஒரு கவலை தெரிந்தது. "ஏம்மா, இந்தப் பதிவு அப்படியே கோர்ட்டுக்குப் போகுமா?"

"மூலப்பதிவு சார். ஒரு நொடியைக்கூட வெட்டக் கூடாது."

"எல்லார் முன்னாடியும் போட்டுக் கேப்பாங்களா? அந்த... அளவு எல்லாம்?"

"பத்திரிகைக்காரங்களும் வருவாங்க. ஆனா மெஷின் சத்தத்தை நம்ம உரிமைப் பட்டியல்லேருந்து நீக்கிட்டா இந்தத் துண்டே போக வேண்டியதில்ல. பாட்டும் இசையும் மட்டும் போதும், வழக்குக்கு அது தாராளம்."

"நீக்குங்க!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார் அவர். "மேலாளர் சார், இப்பவே நீக்குங்க. நோட்டீஸ் எல்லாத்தையும் வாபஸ் வாங்குங்க." பிறகு அசடு வழியச் சிரித்து உட்கார்ந்தார். "வெளிநாட்டு மெஷின்னு பேட்டியில் சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னேன்ம்மா. தப்புதான். பாட்டுக்குக் கீழே தாளம் போட்டது தையல்காரர்னு போட்டுடுங்க. ஆனா ஒண்ணு, முப்பத்தெட்டுன்னுதான் தச்சுக் கொடுத்தார். இதோ, அந்தப் பேன்ட்தான். கச்சிதமா இருக்கு பாருங்க."

உண்மையிலேயே கச்சிதமாகத்தான் இருந்தது. மேலாளர் வாபஸில் கையெழுத்துப் போட்டார். கழுகு பெட்டியை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போனாள். பூட்டுவதற்கு முன் அக்கம்பக்கம் பார்த்தாள்.

வீட்டில் கணவரும் நாத்தனாரும் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேனல் மேல் இருந்த சிவப்பு எச்சரிக்கை மறைந்த செய்தி அவளுக்கு முன்னாடியே வீடு வந்து சேர்ந்துவிட்டது. அவர் எழுந்து வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் கொண்டாடத் தெரியாது.

நடந்ததை எல்லாம் சொன்னாள். ஒன்றைத் தவிர.

"அந்தத் தொப்பைக்காரரா பெரிய இசையமைப்பாளர்?" என்று வியந்தார் கணவர். "சீட்டுல முப்பத்தெட்டுன்னு எழுதிட்டு, துணியை நாற்பத்திரண்டுக்கு வெட்டினேன். பாவம், மனசு நோகக் கூடாதேன்னு. அது இருக்கட்டும், பதிவுல நான் வேற ஏதாவது பேசியிருந்தேனா?"

"ஒண்ணும் பேசல."

அவர் நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்து, சத்தம் போடும் பெல்ட்டை மாற்றுவது எப்படி என்று அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். அவள் உள்ளறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் செல்போனில் ஒரு சின்ன ஒலித்துண்டு இருந்தது. திருட்டுத் தடுப்புப் பிரிவின் தலைவி, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் கேட்காமல் கம்பெனிப் பெட்டியிலிருந்து எடுத்த நகல். 'அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி சார்.' மறுபடி தட்டினாள். மறுபடி.

"என்ன அண்ணி, தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?" கதவோரம் நாத்தனார். "புதுப் பாட்டா? எனக்கும் அனுப்புங்களேன்."

"முடியாது. இதுக்குக் காப்புரிமை இருக்கு."

"ஆரம்பிச்சிட்டீங்களா! யாரோட உரிமையாம்?"

முன்னறையில் மெஷின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னோடது," என்றாள் அவள்.